கதை படித்துக்கொண்டிருந்தேன்

தலையைத் தூக்கி பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கடைப் பலகைகளில் எழுத்து இருந்தது. என்னால் ஒரு எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை.

இரண்டு மூன்று நொடிதான் இருக்கும். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். டீக்கடை, சைக்கிள் கடை, மருந்துக்கடை எல்லாம் நம் ஊர்க் கடைகள் மாதிரிதான் இருந்தன. பெயர்கள் மட்டும் சுழித்துச் சுழித்து வேறு என்னவோவாக இருந்தன. குனிந்து மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்தேன். அது தமிழ். அதைப் படிக்க முடிந்தது.

அப்புறம்தான் உறைத்தது. வெளியே இருப்பது கன்னடம். பஸ் கர்நாடக எல்லைக்குள், அத்திப்பள்ளியில் நின்றுகொண்டிருக்கிறது. நான் இறங்க வேண்டிய பாலிடெக்னிக் ஸ்டாப் கிருஷ்ணகிரி தாண்டி மூன்றாவது மைலில் இருக்கிறது. நடுவில் குருபரப்பள்ளி, சூளகிரி, ஓசூர் என்று ஒரு தேசமே கடந்து போயிருக்கிறது. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிடம் நிற்பார்களே, வேர்க்கடலை விற்பவர்கள் ஜன்னல் ஜன்னலாகக் கத்துவார்களே, அதுகூட என் காதில் விழவில்லை.

டீக்கடைச் சுவரில் ஒரு கடிகாரம். பத்துக்கு ஐந்து நிமிடம்.

பத்து மணிக்கு எனக்குப் பரீட்சை.

கண்டக்டர் அப்போதுதான் என்னைக் கவனித்தார். "ஏம்மா, நீ காலேஜ் ஸ்டாப்புக்குத்தானே டிக்கெட் வாங்கின? இன்னுமா எறங்கல?"

எழுந்து நின்றேன். எங்கே இறங்குவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

மனப்பாடத்தின் மூன்றாம் வருடம்

இந்தத் தொடரில் போன வாரம் எழுதியதைப் படித்த ஒரு வாசகி, "சின்ன வயதில் பொட்டலக் காகிதம் வரை படித்த பெண், பாலிடெக்னிக்கில் சேர்ந்ததும் ஏன் படிப்பதையே விட்டீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

பாரூர் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை எல்லாமே தமிழில் படித்தேன். எங்கள் ஊர் நூலகம் ஒரே அறை. அதில் இருந்த கதைப் புத்தகம் அத்தனையும் முடித்து, வேறு இல்லாமல் கோழி வளர்ப்புப் புத்தகத்தை இரண்டு முறை படித்தவள் நான். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவில் சேர்ந்த முதல் நாள் ஆசிரியர் ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினார். அதில் எனக்குப் புரிந்தது 'சிட் டவுன்' மட்டும்.

அன்றிலிருந்து நான் எதையும் வாசிக்கவில்லை. மனப்பாடம் செய்தேன். காலையில் பஸ்ஸில் ஒரு பக்கம், மாலையில் பஸ்ஸில் ஒரு பக்கம், அர்த்தம் தெரியாமல் உதட்டை அசைத்துக்கொண்டே வருவேன். பாஸ் ஆனேன், அதுவும் நல்ல மார்க்கில். மூன்றாம் வருடம் ஓசூரிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து நான்கு பெண்களை ட்ரெயினியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் நானும் ஒருத்தி. ஒரு பேப்பர்கூட அரியர் இருக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

அப்பா பெயர் மாதையன். கிணறு வெட்டப் போவார், கரும்பு வெட்டப் போவார். வீட்டை ஒட்டி, கால்வாய் ஓரத்தில் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நெல் போட்டிருந்தார். கையெழுத்துப் போடத் தெரியாது. கம்பெனிக் கடிதத்தைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "இதுல உம் பேரு எங்க இருக்குது?" என்று கேட்டார். காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார்.

ருக்மிணி கொடுத்தது

பரீட்சைக்குப் பத்து நாள் முன்பு, தளிப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த என் தோழி ருக்மிணி, ஒரு தடித்த புத்தகத்தை என் பையில் திணித்தாள். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைப் பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்துக் துணி ஒட்டிய காலிக்கோ அட்டை போட்டு பைண்ட் செய்தது. அவள் வீட்டில் பேசுவது தெலுங்கு. கதை படிப்பது தமிழில்.

"பரீட்சை சமயத்துல இதெல்லாம் வேணாம்டி" என்றேன்.

"நீ பஸ்ஸுல முணுமுணுத்துக்கிட்டே வர்றத பாத்தா பயமா இருக்குது செல்வி. பேய் புடிச்சவ மாதிரி இருக்க. தெனமும் பத்து பக்கம் படி. தலை ஆறும்."

அன்று மாலை பஸ்ஸில் திறந்தேன். காணாமல் போன தம்பியைத் தேடி ஊர் ஊராகப் போகும் மரகதம் என்ற பெண்ணின் கதை. தம்பி கிணறு வெட்டும் கூட்டத்தோடு போனவன். முதல் பக்கத்தை முடித்ததும் என்ன செய்தேன் தெரியுமா? கண்ணை மூடிக்கொண்டு அதை ஒப்பிக்கத் தொடங்கினேன். 'மரகதம் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது…' பாதியில் நிறுத்தினேன். கதையை எப்படிப் படிப்பது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மூன்று நாள் அப்படித்தான். பேனாவை எடுத்து முக்கியமான வரிக்கு அடிக்கோடு போடக் கை போகும். நான்காம் நாள் எங்கேயோ ஒரு இடத்தில் அது விட்டுப்போனது. மரகதத்தை ஒரு லாரிக்காரர் நடு வழியில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார், மழை பிடித்துக்கொள்கிறது. நானும் நனைந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு பத்துப் பக்கக் கணக்கெல்லாம் நிற்கவில்லை.

பரீட்சை அன்று சீக்கிரமே கிளம்பி, கிருஷ்ணகிரியில் பெங்களூர் பஸ்ஸைப் பிடித்தேன். பாடமெல்லாம் மனதில் இருந்தது. பத்து நிமிடப் பயணம், நாலு பக்கம் படிக்கலாம் என்று திறந்தேன்.

அந்த நாலு பக்கம் அத்திப்பள்ளியில்தான் முடிந்தது.

வாயில் வந்த பொய்

அத்திப்பள்ளியில் பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏனாயித்தம்மா?" என்று கேட்டார். என்ன ஆச்சு என்று கேட்கிறார் என்பது புரிந்தது. கண்டக்டர் நல்ல மனிதர். எதிரே வந்த சேலம் பஸ்ஸை நிறுத்தி, அந்தக் கண்டக்டரிடம் சொல்லி என்னை ஏற்றிவிட்டார்.

கல்லூரி வாசலுக்கு வந்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

வாட்ச்மேன் ஓடி வந்தார். "என்னாம்மா ஆச்சு? உன் நம்பரை நாலு தடவ கூப்பிட்டாங்களே!"

"பஸ் ஆக்சிடென்ட் ஆயிடுச்சுண்ணே. கிருஷ்ணகிரிகிட்ட."

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. சொல்லி முடித்ததும் அந்தக் குரலைக் கேட்டு நானே திடுக்கிட்டேன்.

அவர் என்னை ஆபீசுக்கு அழைத்துப்போனார். பரீட்சை சூப்பிரண்டு வயதானவர். நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "அடி ஏதும் படலையே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "அரை மணிக்கு மேல உள்ள விட எனக்கு அதிகாரம் இல்லம்மா. நடந்ததை எழுதிக் குடுத்துட்டுப் போ. மேலிடத்துக்கு அனுப்பிப் பாக்கறேன்" என்றார். எழுதிக் கொடுத்தேன். பஸ் கவிழ்ந்தது, கடவுள் புண்ணியத்தில் தப்பித்தேன் என்று இங்கிலீஷில் எழுதினேன். மூன்று வருடத்தில் நான் மனப்பாடம் செய்யாமல் சொந்தமாக எழுதிய முதல் இங்கிலீஷ் அதுதான்.

வெளியே வந்ததும் வீட்டுக்குப் போகப் பயமாக இருந்தது. வழக்கமாக வீடு சேரும்போது மணி ஐந்து ஆகும். அதுவரை கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் இருந்துவிடுவோம் என்று சிமென்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

இனி எழுதப்போவதை இத்தனை வருடத்தில் என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. அந்த பெஞ்சில் உட்கார்ந்து நான் அழவில்லை. பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மிச்சமிருந்ததைப் படித்து முடித்தேன். வேலை போய்விட்டது என்று தெரியும். இருந்தும் மரகதத்துக்கு என்ன ஆனது என்று தெரிந்தே ஆகவேண்டியிருந்தது. நடுநடுவே ஐயோ என்று மனம் பதறும். அடுத்த வரிக்குக் கண் போய்விடும்.

துணிக்குக் கீழே

நான் கிளம்பிய பிறகு சூப்பிரண்டு எங்கள் ஊருக்குப் போன் போட்டிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான். ஊரில் இருந்த ஒரே போன் ரைஸ் மில்லில் இருந்தது. 'உங்க ஊர்ப் பொண்ணு வந்த பஸ் விபத்தில் மாட்டிக்கொண்டது, பொண்ணுக்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம்' என்று சொன்னாராம். மில் இயந்திரம் ஓடும் சத்தத்தில் கேட்டவருக்குப் பாதிதான் விழுந்தது. களை எடுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் அது வந்து சேர்ந்தபோது, "செல்வி போன பஸ்ஸு கவுந்துடுச்சாம்" என்று மட்டும் இருந்தது.

அம்மாவும் அப்பாவும் சேற்றுக் காலோடு பஸ் ஏறினார்கள். கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரியில் இறங்கி, பஸ் ஆக்சிடென்டில் வந்த புள்ளை எங்கே என்று ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறார்கள். அங்கிருந்த ஒரு ஊழியர், "பஸ்ஸு ஆக்சிடென்ட் கேஸு ஒண்ணும் வரலியே. ரோட்டுல லாரி மோதி ஒரு பொண்ணு வந்திருக்குது, யாருன்னு தெரியல. பாத்துச் சொல்லுங்க" என்றாராம்.

அம்மா வெளியே நின்றுவிட்டார். அப்பா உள்ளே போனார்.

துணியை விலக்கிப் பார்த்தது அப்பாதான். என் வயதுப் பெண். நான் இல்லை. வெளியே வந்தவருக்குப் பேச்சு வரவில்லை. "நம்ம புள்ள இல்ல" என்று சொல்ல வாய் திறந்திருக்கிறார், சத்தம் எழவில்லை. அவர் முகத்தைப் பார்த்த அம்மா, நான்தான் என்று முடிவுசெய்து, வராந்தாவில் அலறி விழுந்தார். அப்பா தலையையும் கையையும் ஆட்டிக்கொண்டே இருந்தாராம். அம்மாவுக்கு அது எட்டவே இல்லை. ஒரு நர்ஸ் வந்து அப்பாவை உலுக்கிக் கேட்ட பிறகுதான் இல்லை என்ற வார்த்தை வெளியே வந்தது.

அந்த ஆஸ்பத்திரிக்கும் நான் உட்கார்ந்திருந்த பஸ் ஸ்டாண்டுக்கும் நடந்து போகும் தூரம்தான். அந்நேரம் நான் கடைசி அத்தியாயத்தில் இருந்தேன்.

அந்தப் பெண் யார், அவளைத் தேடி யாராவது வந்தார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

யாருடி அவன்?

ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. குழாயடியில் நின்ற பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பார்த்துக் குடத்தைப் போட்டுவிட்டு, "ஐயோ, செல்வி!" என்று கத்தினார். அவர் சொல்லித்தான் அம்மா அப்பா எங்கே போனார்கள் என்று தெரிந்தது. அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு இரண்டு பேரும் வந்தார்கள். அம்மா ஓடி வந்து என் தலை, கை, கால் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "எங்கடி அடிபட்டுச்சு? எங்கடி?" அப்பா கிட்டே வரவில்லை. கால்வாய்க்குப் போய்க் கையைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

அவர் திரும்பி வந்ததும் சொன்னேன். "பஸ்ஸு கவுழலப்பா. நான் பொய் சொல்லிட்டேன்."

"அப்ப பரீட்ச எழுதலியா?"

"இல்ல."

"எங்க இருந்த?"

"பஸ்ஸுலதான். கத படிச்சிக்கிட்டு இருந்தேன். எறங்க மறந்துட்டேன். அத்திப்பள்ளிக்குப் போயிட்டேன்."

அம்மாவின் கை என் தோளிலிருந்து நழுவியது. அப்பா என்னை ஒரு முறை பார்த்தார். யாரோ ஊரார் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பது போன்ற பார்வை. உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். என்னை நம்பவே மாட்டார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. உள்ளதைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்திருந்தேன். மறுநாள் காலையில் அம்மா என்னைத் தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டார்: "யாருடி அவன்?"

"எவன்?"

"கதப் பொஸ்தவம் படிச்சி எவளாச்சும் பரீட்சைய வுடுவாளா? கர்நாடகத்துக்கு எவன்கூடடி போன?"

சத்தியம் செய்தேன். அம்மா நம்பவில்லை. குழாயடியில் அதற்குள் ஒரு பையனே உருவாகிவிட்டிருந்தான். ஓசூரில் கம்பெனியில் வேலை செய்கிறானாம், கன்னடக்காரனாம். மீதிப் பரீட்சைகளுக்கு அம்மா கல்லூரி வாசல் வரை கூடவே வந்து, மூன்று மணி நேரமும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். சூப்பிரண்டிடம் போய் உண்மையைச் சொல்லி, எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை வெறித்துப் பார்த்தார், அவ்வளவுதான். கம்பெனிக்காரர்கள் எனக்குப் பதில் வேறு ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பேப்பரை ஏப்ரலில் எழுதிப் பாஸ் செய்து, ஒரு வருடம் கழித்து ஓசூரிலேயே வேறு கம்பெனியில் சேர்ந்தேன். ஆனால் அது பின்னால் நடந்தது. அந்த ஐப்பசியில் வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விசாரணை

பரீட்சையெல்லாம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சோறு முடிந்ததும் அம்மா புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார்.

"படி. சத்தமாப் படி. அப்பிடி என்னாதான் இருக்குதுன்னு நானும் பாக்கறேன்."

போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுப்பது மாதிரி ஆரம்பித்தேன். அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அம்மா முறத்தில் பயறு புடைத்துக்கொண்டே கேட்டார்.

இரண்டாம் அத்தியாயத்தில் புடைக்கும் சத்தம் நின்றது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான்காம் அத்தியாயத்தில் மரகதத்தின் தம்பி கிணற்றுக்குள் வெடி வைக்கும் இடம் வரும். திரியைப் பற்றவைத்துவிட்டு அவன் கயிற்றைப் பிடித்து மேலே ஏறுகிறான்.

"தப்பு" என்று ஒரு குரல் வந்தது.

அப்பா. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"வெடி வெச்சவன் கையால ஏறமாட்டான். மேல ஆளு நின்னு இழுப்பான். இத எழுதுனவன் கெணத்தையே பாத்திருக்கமாட்டான்." சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ம்… அப்பறம்? ஏறிட்டானா?" என்றார்.

படித்தேன். தொண்டை வறண்டது. அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அதற்குக்கூட அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு அப்பாவின் மடியில் அப்படியே கிடந்தது. மரகதம் மழையில் நின்ற இடத்தில் அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

திடீரென்று வரப்பிலிருந்து ஒரு கத்தல். பக்கத்து நிலத்து முனுசாமி மாமா, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று வந்தார்.

"ஏண்ணா, உனக்கு நாயம் இருக்குதா? மூணு மணிக்கு என் தண்ணி மொற. இப்ப மணி நாலர. மட இன்னும் உன் பக்கமே தெறந்து கெடக்குது. உன் நெல்லு முழுவுது, என் வயலு காயுது!"

அப்பா துள்ளி எழுந்தார். வானத்தைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார். தண்ணீர் முறையில் அவர் ஒரு நாளும் தவறியதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூட எழுந்து போய் மடையை மாற்றிவிட்டு வந்து படுத்தவர். வெயில் மரத்தின் அந்தப் பக்கம் இறங்கியிருந்தது.

"எங்கண்ணா இருந்த இவ்ளோ நேரம்?"

"இங்கதான். கத கேட்டுக்கிட்டு இருந்துட்டேன்."

"என்னா கேட்டுக்கிட்டு?"

"பாப்பா கத படிச்சிச்சு. கேட்டுக்கிட்டு இருந்தேன். நேரம் போனது தெரியல."

முனுசாமி மாமா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "யாருகிட்டண்ணா சொல்ற? கள்ளக் குடிச்சிட்டுப் படுத்துட்டன்னு சொல்லு, உட்டுடறேன். கத கேட்டானாம், கத!"

"நெசமாத்தாண்டா சொல்றேன்!" அப்பாவின் குரல் உடைந்தது. "சத்தியமா!"

மாமா தலையை ஆட்டிக்கொண்டே வரப்பில் திரும்பி நடந்தார். அப்பா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"மாப்ள பாக்கறதெல்லாம் இப்பத்திக்கு நிறுத்து" என்றார் அம்மாவிடம். "எவனும் இல்ல. புள்ள சொன்னது நெசம்."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடையைப் பார்த்து ஓடினார். பாதி வரப்பில் நின்று, திரும்பி, கையை உயர்த்திக் கத்தினார்:

"நான் வர்ற வரைக்கும் மேல படிச்சிடாத!"